எழுத்தும் எழுத்துருவும்

எழுத்து என்னும் சொல் தமிழில் இருபொருள் தந்து நிற்பது. செவியால் உணரப்படுவது ஒலிவடிவம். கண்ணால் உணரப்படுவது வரிவடிவம். இலக்கண நூலார் இவ்விரண்டையும் எழுத்து என்றே வழங்கினர். ஆயினும் ஒன்றை மற்றொன்றாக மயங்கினாரல்லர். வரிவடிவம் காலந்தோறும் மாறியிருக்கிறது. பாறையில் வெட்டியவனும், ஓலையில் கீறியவனும், ஈயத்தில் வார்த்தவனும் வேறுவேறு வடிவங்களையே கண்டனர். எனினும் ககரம் ககரமாகவே நின்றது. இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தவிடத்துத் தமிழ் எழுத்துக்கலை வளர்ந்தது, மறந்தவிடத்து இடர்ப்பட்டது. கணினிக்கான எழுத்துருக்களின் வரலாறும் இதற்கு விலக்கன்று.

எழுத்துருவை அழகுப் பொருளாகவே பலர் கருதுகின்றனர். திருமண அழைப்பிதழுக்கு ஒன்று, பள்ளி ஆண்டு மலருக்கு மற்றொன்று எனத் தேர்ந்தெடுப்பதோடு அவர்தம் ஆய்வு முடிந்துவிடுகிறது. உண்மையில் எழுத்துருவை ஆக்குவோன் ஓர் உரையாசிரியனுக்கு ஒப்பாவான். எது தனியெழுத்து, எது சார்ந்துவரும் குறி, எவை இணைந்து ஒருருவாகும், எவை இணையா என்னும் வினாக்களுக்கு அவன் விடை காணாமல் ஒரு வடிவத்தையும் வரைதல் இயலாது. ஆதலின் எழுத்துருவைத் திறனாய்வு செய்யும் உரிமையும் கடமையும் தொழில்நுட்ப வல்லுநர்க்கு மட்டும் உரியன அல்ல, தமிழாசிரியர்க்கும் உரியன.

ஓலையும் ஈயமும்

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் அவ்வாறே புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதித்தது. பின்வந்த நன்னூலும் இதனை உடன்பட்டது. ஆயினும் ஓலைச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். சுவடிகளில் காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்பதும் உண்டு. படிப்போர் தம் மொழியறிவால் வேறுபாட்டை உணர்ந்துகொண்டனர்.

1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ இவ்வோலை வழக்கையே பின்பற்றியது. மெய்க்குப் புள்ளியில்லை; குறில் எகரத்திற்கும் நெடில் ஏகாரத்திற்கும் வேறுபாடில்லை. அச்செழுத்து வார்த்தோர் தம் கண்முன் இருந்த வடிவத்தைப் படியெடுத்தனர். இலக்கணம் கூறிய எழுத்தைத் தேடினாரல்லர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்திக் காட்டியது இக்குறையைத் தீர்க்கும் முயற்சியேயாகும். அவர் புதிய எழுத்தைப் படைத்தாரல்லர்; இருந்த எழுத்துக்கு மயக்கமற்ற வடிவம் தந்தார்.

அடுத்த சோதனை தட்டச்சுப்பொறியில் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணிபுரிந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியவராகப் போற்றப்படுகிறார். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தமையால் உயிர்மெய்யை உறுப்புகளாகப் பிரித்தனர். புள்ளி போன்ற குறிகளுக்கு, அழுத்தினாலும் தாள் நகராத விசைகளை வைத்தனர். குறியை முதலில் அழுத்திப் பின்னர் மெய்யை அழுத்த, இரண்டும் ஒன்றன்மேலொன்றாகப் பதிந்தன. ‘கெ’ என எழுத விரும்புவோர் கொம்பை முதலில் அடித்துக் ககரத்தைப் பின்னர் அடித்தனர். இஃது ஒலி தோன்றும் முறையன்று. கண் காணும் முறை. பொறியின் எல்லைக்குள் இஃது அரிய தீர்வு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதே முறையைக் கணினிக்கும் கொண்டுசென்றபோது இடர் விளைந்தது.

128 இடங்களுக்குள் ஒரு மொழி

தொடக்கக் காலத் தமிழ் எழுத்துருக்களுக்குக் கிடைத்தவை மொத்தம் 256 இடங்கள். அவற்றுள் முதல் 128 உரோமன் எழுத்துக்கும் பிற குறிகளுக்கும் உரியன. எஞ்சிய 128இலும் சில இடங்கள் கணினியின் உள்வேலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. இவற்றுள் 247 எழுத்துகளை வைத்தல் இயலாது. எனவே ஆக்கியோர் எழுத்துகளை வைக்காமல் வடிவத்துண்டுகளை வைத்தனர். கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், புள்ளி ஓரிடம் பெற்றன. உகர ஊகார உயிர்மெய்கள் 36உம் மெய்க்கு மெய் வேறுபட்டு உருத்திரிவன ஆதலின் அவற்றிற்குப் பெரும்பாலும் தனித்தனி இடம் வேண்டப்பட்டது. டி, டீ என்பனவும் அவ்வாறே.

இம்முயற்சிகளில் மலேசியா சிங்கப்பூர்த் தமிழரின் பங்கு பெரிது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்த முரசு மென்பொருள், ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சியாளருமான நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் விலையின்றி வழங்கிய மயிலை எழுத்துரு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது தமிழும் அவற்றுள் ஒன்றாக நின்றது கோவிந்தசாமியின் உழைப்பால் ஆயது.

ஆயினும் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனி வரிசை வகுத்துக்கொண்டது. ஒன்றில் ககரம் இருந்த இடத்தில் மற்றொன்றில் தகரம் இருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதிய கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற குறிகளே தோன்றின. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகள் இச்சிதறலை நீக்க முயன்றன. சென்னை மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் குறியீட்டுத் தரங்களும், தமிழ்99 என்னும் விசைப்பலகையும் வந்தன. 2001இல் கோலாலம்பூரிலும் இம்மாநாடு நடைபெற்றது. தரங்கள் பெருகினவேயன்றி ஒன்றாகவில்லை. அக்காலத்தில் தட்டெழுதப்பட்ட சிறுகதைகளும் பள்ளி மலர்களும் வினாத்தாள்களும் இன்று திறக்கப்படும்போது படிக்க இயலாதனவாகக் கிடக்கின்றன. கரையான் அரிக்காமலேயே ஒரு தலைமுறையின் எழுத்து மறைந்துபோகும் நிலை இது. காரணம் யாது? கோப்பில் பதிந்திருப்பது எழுத்தன்று, எழுத்துருவின் வடிவத்துண்டு. எழுத்துரு நீங்கினால் எழுத்தும் நீங்குகிறது.

ஒருங்குறியின் நிறையும் குறையும்

யூனிகோடு எனப்படும் ஒருங்குறி 1991இல் வெளிவந்தது. 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரக் குறியீட்டை அடியொற்றித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியது. அதன் அடிப்படைக் கொள்கை, குறியீடு வேறு, வடிவம் வேறு என்பதாகும். ‘கெ’ என எழுதும்போது ககரம் முதலிலும் எகரக் குறி பின்னுமாகக் கணினியில் பதிகின்றன. கொம்பை இடப்புறம் நிறுத்துவது எழுத்துருவின் வேலை. ‘கொ’ என்பதில் ஒரே குறியீடு, கொம்பாகவும் காலாகவும் பிரிந்து ககரத்தின் இருமருங்கும் நிற்கிறது. தொல்காப்பியர் கண்ட ஒலிமுறைக்கும் திரை காட்டும் வரிமுறைக்கும் இடையே எழுத்துரு பாலமாகிறது. 2000ஆம் ஆண்டின் விண்டோசு இயக்கத்தளம் இதற்கு இடந்தந்து, லதா என்னும் எழுத்துருவையும் உடன்கொண்டு வந்தது.

இக்கொள்கை போற்றத்தக்கது, ஆயினும் குறையற்றதன்று. தமிழ் மரபில் மெய் முதல். அதன்மேல் அகரம் ஏறக் ககர உயிர்மெய் பிறக்கும். ஒருங்குறியில் அகரமேறிய ‘க’ முதல். அதன்மேல் புள்ளி ஏற, மெய் பிறக்கிறது. இஃது இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஓரச்சில் வார்த்ததன் விளைவு. ‘கொக்கு’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவனும் அறிவான். குறியீடுகளை எண்ணும் கணினியோ ஆறு என்கிறது. யாப்பிலக்கணத்திற்கு உதவும் செயலியை ஆக்க விரும்புவோர் முதலில் இக்கணக்கைத் திருத்தியே தொடங்கவேண்டும். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்16 என்னும் குறியீட்டைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது இக்குறையை உணர்ந்தே. ஆயினும் உலகப் பொதுத்தரத்திற்குப் புறம்பாக நிற்பது எங்கும் செல்லாது. இலக்கணப் பொருத்தத்தில் டேஸ்16 உயர்ந்தது. வழக்கில் ஒருங்குறியே வென்றது.

இன்னொரு குறை கற்பிப்போரின் கவனக்குறைவால் வருவது. ஔகாரத்தின் பின்னுறுப்பும் ளகரமும் வடிவால் ஒன்றுபோல் தோன்றும். எனவே ‘கௌதமர்’ என்று எழுதவேண்டியவிடத்துக் கொம்பும் ளகரமும் இட்டுக் ‘கெளதமர்’ என்று தட்டெழுதுவோர் பலர். ‘ஔவையார்’ என்பதும் ஒகரமும் ளகரமுமாகி ‘ஒளவையார்’ ஆகிறது. தாளில் இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இவை வேறுவேறு சொற்கள். ஔவையாரைத் தேடும் மாணவனுக்கு இரண்டாவது வகையில் எழுதிய பக்கம் அகப்படாது. குரல்வழிப் படிக்கும் கருவி ‘ஒள’ என்றே ஒலிக்கும். தமிழ் எண்களிலும் இம்மயக்கம் உண்டு. ‘௧’ என்னும் எண்ணுக்கு மாற்றாகக் ககரத்தையும், ‘௭’ என்பதற்கு மாற்றாக எகரத்தையும் இடுவோர் உளர். தட்டச்சுப்பொறியின் பழக்கம் கைவிரலில் எஞ்சியிருப்பதே இதற்குக் காரணம். ஏட்டில் கண்டால் சிவப்பு மையால் திருத்தும் ஆசிரியர், திரையில் இப்பிழையைக் காணாமல் விடுகிறார்.

பாறையெழுத்தின் சிக்கல்

இன்றைய எழுத்துக்கே இத்துணை இடர் என்றால், பழைய எழுத்தின் நிலை எளிதில் விளங்கும். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சீவல் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பெருநூல் இவற்றின் எழுத்துமுறையை மூன்று நிலைகளாக வகுத்தது.

முதல்நிலையில் குறியற்ற வடிவம் தனிமெய்யைக் குறிக்கும். பக்கக் கோடு பெற்றது அகரத்தையோ ஆகாரத்தையோ குறிக்கும். இரண்டாம் நிலையில் கோடு ஆகாரத்திற்கே உரியது. குறியற்ற வடிவம் மெய்யாகவும் அகர உயிர்மெய்யாகவும் நிற்கும். மூன்றாம் நிலையில் புள்ளி வந்து மயக்கத்தைத் தீர்க்கும். ‘மகன்’ என்னும் சொல்லை முதல்நிலையில் எழுதினால், பிற்கால முறையறிந்தவன் அதனை ‘மாகான’ என்று படிப்பான். வடிவம் ஒன்று, எழுத்து வேறு. எழுத்துரு ஆக்குவோன் இங்கு எதனைப் பதிவான்? கல்லில் கண்ட கோட்டையா, அறிஞன் படித்த ஒலியையா? கோட்டைப் பதிந்தால் தேடுவோன் ‘மகன்’ என்னும் சொல்லைக் காணான். ஒலியைப் பதிந்தால் கல் மறைந்துவிடும். இரண்டையும் தனித்தனியே தருவதே நேர்மை.

ஒருங்குறி 2010இல் பிராமிக்கு இடம் தந்தபோது தமிழுக்கே உரிய ழகர றகர னகரங்களையும் சேர்த்தது. ஆயினும் பழந்தமிழ்ப் புள்ளியும், குறில் எகர ஒகரங்களும், ளகரமும் தமக்கெனத் தனி இடம் பெற்றது 2021இல்தான். புள்ளியைத் தொல்காப்பியம் தனித்தெடுத்து ஓதியிருக்க, கணினி அதற்கு இடந்தரப் பதினோராண்டு எடுத்துக்கொண்டது. அசோகர் காலப் பிராமியை மட்டும் அறிந்து வரையப்பட்ட எழுத்துருவால் தமிழ்க் கல்வெட்டைக் காட்டுவோர், அயலவர் உடையில் தம் பாட்டனைக் காட்டுவோரை ஒப்பர். முந்திரி முதலான கீழ்வாய் இலக்கங்களும், செவிடு, ஆழாக்கு, உழக்கு முதலிய அளவைக் குறிகளும் உள்ளிட்ட 51 குறிகள் 2019இல் இடம்பெற்றன. வட்டெழுத்தோ 2025ஆம் ஆண்டுப் பதிப்பிலும் தனியிடம் பெறவில்லை. ஒரே எழுத்து நூற்றாண்டுதோறும் வடிவம் மாறியிருக்க, எதனைத் தலைமை வடிவாகக் கொள்வது என்பது கல்வெட்டறிஞர் தீர்க்கவேண்டிய வினா. எழுதுகோல் பிடித்த ஓவியர் தனித்துத் தீர்க்கத்தக்கதன்று.

அண்டை எழுத்துகள் தரும் பாடம்

இவ்விடர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஜொகூரில் வாழும் தமிழ் மாணவனின் கண்ணில் நாள்தோறும் படுவது ஜாவி எழுத்து. 1895ஆம் ஆண்டின் ஜொகூர் அரசமைப்புச் சட்டம் அவ்வெழுத்திலேயே எழுதப்பட்டது. அரபு எழுத்தை மலாய் ஒலிக்கு ஏற்பப் பெருக்கிக்கொண்ட ஜாவியில், ஓர் எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் இறுதியிலும் தனிநிலையிலும் வேறுவேறு வடிவம் பெறும். மலாய் ‘ஞ’ ஒலிக்குரிய எழுத்தின் மூன்று புள்ளிகள் தனிநிலையிலும் இறுதியிலும் மேலே நிற்கும். முதலிலும் இடையிலும் கீழே இறங்கும். அரபு மட்டும் அறிந்தவன் வரைந்த எழுத்துரு இங்குப் பிழைபடும். ககரத்தின் மெல்லோசைக்கு ஜாவி வழங்கும் எழுத்து தனக்குரிய இடத்தை 2005இல்தான் பெற்றது. அதுவரை அதனையொத்த வேறோர் எழுத்தே அவ்விடத்தில் நின்றது.

பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்த கெமர், பர்மிய, கவி எழுத்துகளும் இத்தகையனவே. கெமர் எழுத்தில் மெய்யின்கீழ் மெய் அடுக்கி நிற்கும். சாவகத்தில் வழங்கிய கவி எழுத்து 2022இல் ஒருங்குறியில் சேர்ந்தது. கடல் கடந்த தமிழ் வணிகர் காலத்து எழுத்துறவு இன்று வேறுவகையில் தொடர்வது ஈண்டுக் கருதத்தக்கது. முத்து நெடுமாறன் வரைந்த எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்றபோது, தமிழோடு சிங்களம், மலையாளம், கெமர், இலாவோ, பர்மியம் ஆகியனவும் அவற்றுள் இருந்தன. ஒரு மலேசியத் தமிழரின் கைவண்ணம் அண்டை நாட்டாரின் எழுத்துக்கும் உருத்தந்தது பெருமைக்குரியது. தமிழெழுத்தின் உறுப்பிலக்கணத்தை ஆழ்ந்து கற்றவனுக்கு அதன் உறவெழுத்துகளின் நுட்பமும் விளங்கும் என்பதற்கு இதுவே சான்று.

சீர்திருத்தமும் பழைய நூலும்

1935இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை ஆகிய 13 உயிர்மெய்கள் புதுவடிவம் பெற்றன. பின்னர் மலேசியாவும் சிங்கப்பூரும் அதனைப் பின்பற்றின. கற்பதற்கு எளிமை வந்தது. ஆயினும் அதற்கு முன் மலாயாவில் அச்சேறிய நூல்களும், 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனின் பழைய இதழ்களும் யானைத் துதிக்கை போன்ற ஐகாரக் குறியோடு விளங்குகின்றன. இன்றைய மாணவன் அவற்றைக் கண்டு தயங்குகிறான். தன் நாட்டு இலக்கியத்தின் முதல் அரைநூற்றாண்டு அவனுக்கு அயல்மொழிபோல் ஆகிவிடுகிறது.

ஒருங்குறியின் கொள்கையை உணர்ந்தோர்க்கு இஃது அரிய வாய்ப்பு. ‘ணை’ என்பதன் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் குறியீடு ஒன்றே. ஆதலின் ஒரே கோப்பைப் பழைய வடிவிலும் புதிய வடிவிலும் காட்டும் எழுத்துருவை ஆக்கலாம். தேடுதலும் கெடாது; பழமையும் அழியாது. முன்னோர் நூலை மறுபதிப்பு செய்வோர் இவ்விரு வடிவ எழுத்துருக்களை நாடவேண்டும். இன்றைய எழுத்துருக்களில் பெரும்பாலானவை புதுவடிவம் ஒன்றையே தருகின்றன, இது குறையேயாகும்.

ஆசிரியர் செயத்தக்கன

அழகு நோக்கி எழுத்துருவைத் தேர்வதற்கு முன் ஆசிரியர் நோக்கவேண்டியன சில உள. சிறிய அளவிலும் புள்ளி தெளிவாகத் தோன்றுகிறதா? ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிடக் கூடாது. எகர ஏகாரமும், ணகர னகரமும் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு மயக்கமின்றி விளங்குகின்றனவா? உகர ஊகார வடிவங்கள் 36உம் திருத்தமாக உள்ளனவா? மேற்குறியும் கீழ்விழுதும் அடுத்த வரியோடு முட்டாமல் நிற்கின்றனவா? உரோமன் எழுத்துக்கு வகுத்த வரியிடைவெளியில் தமிழை நெருக்கியமையால் பாழான பாடநூல் பக்கங்கள் பல. இவற்றோடு, பள்ளியிலும் சங்கங்களிலும் கிடக்கும் பழைய கோப்புகளை, அவற்றைத் திறக்கும் கணினிகள் முற்றும் மறையுமுன், ஒருங்குறிக்கு மாற்றிவைத்தலும் வேண்டும். மாற்றியபின் மொழியறிந்தார் ஒருவர் வரிவரியாக ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. பொறியின் மாற்றம் ‘ஔ’ போன்றவிடங்களில் இடறும்.

ஏடு தேடி அலைந்த உ. வே. சாமிநாதையர் காலத்தில் சுவடியின் எழுத்தை அறிதலே பதிப்பின் முதற்படியாக இருந்தது. இன்று எழுத்துருவின் இயல்பை அறிதலும் அப்படியில் சேர்ந்துவிட்டது. யாப்பும் அணியும் கற்பிக்கும் வகுப்பறையில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கி, ‘ஔவையார்’ என்னும் பெயரைப் பிழையின்றித் தட்டெழுதக் கற்பித்தாலே நல்ல தொடக்கமாகும்.